நான்கெல்லையும் அண்டை வீட்டாரும்: நிலத்தின் எல்லை வகுத்த வரலாறு

எல்லாப் புகழும் இறைவன் ஒருவனுக்கே. அவனுடைய சாந்தியும் அருளும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நம்முடைய வீடுகளுக்கும் மனைகளுக்கும் பத்திரம் இருக்கிறது. நமது பள்ளிவாசலுக்கும் கபரஸ்தானுக்கும் வக்ஃப் நிலங்களுக்கும் ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றை நாம் பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கிறோம். ஆயினும் எடுத்துப் படிப்பவர் சிலரே. படிப்பவரும் வாங்கியவர் பெயர், விற்றவர் பெயர், தொகை ஆகியவற்றோடு நிறுத்திவிடுகின்றனர். பத்திரத்தின் இறுதியில் வரும் சொத்து விவரத்தில் நான்கு திசைகளிலும் யாருடைய நிலம் இருக்கிறது என்று எழுதப்பட்டிருக்கும் நான்கு வரிகளே அந்த ஆவணத்தின் உயிர் நாடி. ஒரு நிலம் எது என்பதை அதன் அண்டை நிலங்களே அடையாளம் காட்டுகின்றன. அடுத்துள்ள நிலம் என்று சட்டம் எதைக் கூறுகிறது, அந்நிலத்துக்குரியவருக்கு என்ன உரிமை இருந்தது, அது எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

செக்குபந்தியும் நான்குமாலும்

பழைய கிரயப் பத்திரங்களில் "இதற்குச் செக்குபந்தி" என்றும், தென் மாவட்டங்களில் "நான்குமால்" என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். செக்குபந்தி என்பது முகலாய, நவாப் ஆட்சிகளின் அலுவல் மொழிவழியே நம்மிடம் வந்த சொல். "சக்" என்பது ஒரு துண்டு நிலத்தையும், "பந்தி" என்பது கட்டி வரையறுத்தலையும் குறிக்கும். மால் என்பது எல்லையைக் குறிக்கும் சொல். ஆக ஒரே பொருளை இரு மரபுச் சொற்களும் உணர்த்துகின்றன.

சொற்கள் பிற்காலத்தவை எனினும் வழக்கம் மிகத் தொன்மையானது. சோழர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என வரிசையாக எல்லை கூறி, அவற்றைப் பெருநான்கெல்லை என அழைத்தனர். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்தான். லெய்டன் செப்பேடு என்று அறியப்படும் அந்தச் சாசனம், கொடை நிலத்தின் எல்லைகளை விரிவாக வரையறுக்கிறது. பெண் யானையை எல்லை வழியே நடத்திச் சென்று, ஊரார் உடன் நடக்க, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பது அக்கால மரபு. அண்டை ஊரார் அறிய எல்லை நடக்கப்பட்டது என்பதே இதன் உட்பொருள். எல்லை என்பது உரிமையாளர் தாமே தனித்து அறிவித்துக் கொள்வதன்று. அடுத்திருப்பவரும் ஏற்றால்தான் அது எல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பழைய பத்திரங்களில் "இன்னார் மனைக்கு வடக்கு" என்றிருந்தால், நமது நிலம் அவருடைய மனைக்கு வடபுறம் இருக்கிறது, அவருடைய மனை நமக்குத் தென்புறம் இருக்கிறது என்று பொருள். பிற்காலப் பத்திரங்களிலோ "வடக்கில் இன்னார் மனை" என்று எழுதும் வழக்கமும் வந்துவிட்டது. அங்கே அவருடைய மனை நமக்கு வடபுறம். ஓர் உருபு மாறினால் திசையே மாறிவிடும். பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதிய பத்திரம் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் கவனியாமல் விட்டால், வடக்கும் தெற்கும் இடம் மாறி நிற்கும். பின்னர் அதைத் திருத்தப் பிழைதிருத்தல் பத்திரம் தேவைப்படும். மறுதரப்பார் இணங்காவிடில் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும்.

மதீனாவின் முன்மாதிரி

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்ததும் பள்ளிவாசல் எழுப்பத் தேர்ந்த இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு யத்தீம்களுக்கு உரியதாக இருந்தது. அச்சிறுவர்கள் இலவசமாகத் தர முன்வந்தபோதும் நபியவர்கள் அதனை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று ஸஹீஹுல் புகாரி அறிவிக்கிறது. இறையில்லத்தின் அடிநிலமே உரியவரிடமிருந்து முறைப்படி பெறப்பட்டது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொள்பவருக்கு மறுமையில் ஏழு பூமிகளின் சுமை கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையும் நபிமொழிகளில் வந்துள்ளது. ஒரு சாண் என்பது சாதாரணமாக எங்கே பறிபோகும்? நடு வயலில் அன்று, எல்லையில்தான்.

அண்டை நிலத்தின் உரிமையைப் பற்றி இரு நபிமொழிகள் சட்ட மேதைகளின் ஆய்வுக்கு அடிப்படையாயின. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒன்றில், பிரிக்கப்படாத சொத்தில் ஷுஃப்ஆ உண்டு என்றும், எல்லைகள் வகுக்கப்பட்டுப் பாதைகள் பிரிக்கப்பட்டுவிட்டால் அது இல்லை என்றும் தீர்ப்பளிக்கப்பட்டதாக வருகிறது. ஷுஃப்ஆ என்பது, ஒருவர் தம் நிலத்தை விற்கும்போது, அதே விலைக்கு அதனை முன்னதாக வாங்கிக்கொள்ள மற்றொருவருக்குள்ள உரிமை.

மற்றொன்றை அபூராஃபிஉ (ரலி) அறிவிக்கிறார்கள். அவர்களுக்கு ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுடைய வீட்டு வளாகத்தினுள் இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை ஸஅத் (ரலி) அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என அபூராஃபிஉ (ரலி) கேட்டார்கள். ஸஅத் (ரலி) தவணையாக 4,000 திர்ஹத்திற்கு மேல் தர இயலாது என்றார்கள். அதே அறைகளுக்கு வேறொருவர் 500 தீனார் தர முன்வந்திருந்தார். அது மதிப்பில் கூடுதலான தொகை. ஆயினும் அண்மையில் இருப்பவரே அதிக உரிமை பெற்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிருந்த காரணத்தால், குறைந்த தொகைக்கே ஸஅத் (ரலி) அவர்களிடம் அவற்றைக் கொடுத்துவிட்டார்கள். அண்டை வீட்டாரின் உரிமை வெறும் உபதேசமாக நில்லாமல், கைப்பொருளை இழந்தும் பேணப்பட்டது என்பதற்கு இது சான்று.

யார் அண்டை நிலத்தார்?

இவ்விரு நபிமொழிகளையும் இணைத்து நோக்குவதில் இமாம்கள் வேறுபட்டனர். ஷாஃபிஈ மத்ஹபில் ஷுஃப்ஆ கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே உண்டு. எல்லை வகுத்துப் பிரித்தபின் அண்டை நிலத்தார் என்ற காரணத்தால் மட்டும் அவ்வுரிமை எழாது. ஹனஃபி மத்ஹபில் மூன்று படிநிலைகள் கூறப்பட்டன. முதலாமவர் அதே சொத்தில் பிரிவினையாகாத பங்குள்ள "ஷரீக்". இரண்டாமவர் தனிப் பாதை, பாசன நீர் போன்ற உரிமைகளில் கூட்டுள்ள "கலீத்". மூன்றாமவர் எல்லை ஒட்டிய நிலத்துக்குரிய "ஜார்". முன்னவர் இருக்கையில் பின்னவருக்கு உரிமையில்லை. தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் பெரும்பான்மை. ஆதலால் இந்த வேறுபாடு நம் மக்களுக்குப் புதிதன்று.

ஒட்டிய நிலம் என்பதை ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் மிக நுணுக்கமாக வரையறுத்துள்ளன. ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா நூலில் ஷுஃப்ஆவுக்கென்று தனி அத்தியாயமே உண்டு. பின்புறச் சுவர் ஒட்டியிருந்து, வாசல் வேறு தெருவில் இருந்தாலும் அவர் ஒட்டிய அண்டை வீட்டாரே. பொது வழியாகிய தெருவுக்கு எதிர்ப்புறம் இருப்பவர், நாள்தோறும் முகம் பார்ப்பவராயினும், இச்சட்டத்தின்படி ஒட்டியவர் அல்லர். நடுவே பொதுவழி பிரித்துவிட்டது. ஆனால் வழி ஊடுருவிச் செல்லாத முட்டுச் சந்தாக இருந்தால் நிலை வேறு. அச்சந்தில் வாசல் வைத்திருப்போர் அனைவரும் ஒரே தனிப் பாதையின் கூட்டாளிகளாகி, இரண்டாம் படிநிலையில் வைக்கப்படுகின்றனர். ஆக, தூரத்தை அளந்து மட்டும் அண்டை நிலம் தீர்மானிக்கப்படவில்லை. எதைத் தொடுகிறது, எதைப் பகிர்கிறது என்பவையே அளவுகோல்கள்.

உரிமை கோருவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. விற்பனைச் செய்தி கேட்ட உடனேயே கோரிக்கையை வெளிப்படுத்த வேண்டும். பின்னர் சாட்சிகளை வைத்து, விற்றவர் அல்லது வாங்கியவர் முன்போ, அந்த நிலத்திலோ மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும். தாமதித்தவர் உரிமை இழந்தார். விற்பவரும் வாங்குபவரும் காலமெல்லாம் அச்சத்தில் இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

நம் போன்ற ஜமாஅத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஷுஃப்ஆ கோருபவர் தம் நிலத்துக்கு உரிமையாளராக இருக்க வேண்டும். வக்ஃப் நிலம் எந்த மனிதருக்கும் சொந்தமன்று. முத்தவல்லி அதன் நிர்வாகியே. ஆகவே பள்ளிவாசலுக்கு அடுத்த மனை விற்பனைக்கு வந்தால், அது எங்களுக்கே வேண்டும் என்று ஷுஃப்ஆவைக் காட்டி வக்ஃபின் சார்பில் கோர முடியாது. பள்ளிவாசல் அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் உண்டு. இந்தச் சலுகை மட்டும் இல்லை.

நீதிமன்றங்களில் ஷுஃப்ஆ

1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பு, ஹனஃபி மத்ஹபின் இம்மூன்று படிநிலைகளையும் அப்படியே சட்ட விதிகளாக்கியது. அதே காலத்தில் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் மாகாணத்துக்கு மாகாணம் நிலைமை வேறுபட்டது.

சென்னை உயர் நீதிமன்றம் 1870இல் இப்ராஹீம் சாயபு வழக்கில், ஷுஃப்ஆ சட்டம் இம்மாகாணத்தில் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. உரிமையாளர் தம் சொத்தை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரத்தை இது தடுக்கிறது என்றும், நீதி, நேர்மை, நல்மனச்சாட்சி என்ற அளவுகோலில் இது தேறாது என்றும் அத்தீர்ப்பு கருதியது. மலபாரில் மட்டும் உள்ளூர் வழக்காறு என்ற அடிப்படையில் அது ஏற்கப்பட்டது. பின்னர் 1873ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம், வாரிசுரிமை, திருமணம், சமய வழக்கம் போன்றவற்றில் முஸ்லிம் சட்டத்தைப் பின்பற்றச் சொன்னதே தவிர ஷுஃப்ஆவைக் குறிப்பிடவில்லை. ஆகவே தமிழகத்தில் இவ்வுரிமை சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நீதிமன்ற வாசலில் நின்றுவிட்டது.

வடக்கே நிலைமை வேறாக இருந்தது. 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கோவிந்த் தயாள் எதிர் இனாயத்துல்லா வழக்கை விசாரித்தது. விற்றவரும் ஷுஃப்ஆ கோரியவரும் முஸ்லிம்கள், வாங்கியவர் இந்து. ஸர் ஸையித் அஹ்மத் கானின் புதல்வரான நீதிபதி ஸையித் மஹ்மூத், அரபு மூல நூல்களை ஆராய்ந்து விரிவான தீர்ப்பு எழுதினார். ஷுஃப்ஆ என்பது நபர்களுக்கிடையிலான வெறும் வாக்குறுதியன்று. ஒரு நிலத்தின் நலனுக்காக அடுத்த நிலத்தின் மீது அமையும் வசதியுரிமையை ஒத்தது என்று அவர் விளக்கினார். அத்தீர்ப்பு நெடுங்காலம் வழிகாட்டியாக நின்றது.

விடுதலைக்குப்பின் இவ்வுரிமை அரசியலமைப்பின் முன் சோதிக்கப்பட்டது. 1962இல் பாவு ராம் எதிர் பைஜ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலம் ஒட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கோரப்படும் முன்கொள்முதல் உரிமை, சொத்து வாங்கவும் விற்கவும் குடிமக்களுக்கிருந்த அடிப்படை உரிமைக்கு முரணானது என்று கூறி அதை நீக்கியது. ஆயினும் கூட்டுப் பங்காளியின் உரிமையையும், பொது நுழைவாயில், பொதுப் படிக்கட்டு ஆகியவற்றைப் பகிர்வோரின் உரிமையையும் நியாயமானவை என ஏற்றது. 1964இல் ஸந்த் ராம் எதிர் லாப் ஸிங் வழக்கில், வழக்காறாக வந்த அண்டை உரிமைக்கும் இதே விதி பொருந்தும் என்றது. சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து பின்னர் அகற்றப்பட்டது வேறு செய்தி.

இதில் சிந்தனைக்குரிய ஒன்று உண்டு. ஷரீக், கலீத், ஜார் என்ற மூன்று படிநிலைகளில் உச்ச நீதிமன்றம் முதலிரண்டையும் ஒத்த உரிமைகளை நிலைக்கவிட்டது. மூன்றாவதை மட்டும் நீக்கியது. பங்கும் பாதையும் பகிர்வது ஒன்று, சுவர் தொட்டிருப்பது வேறொன்று என்ற பாகுபாட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் வகுத்திருந்தனர்.

அளவைக் கல்லும் பத்திரமும்

முன்கொள்முதல் உரிமை மறைந்தாலும் அடுத்த நிலத்தின் சட்ட முக்கியத்துவம் குறையவில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 21ஆம் பிரிவில், சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நகர வீடுகளுக்குத் தெருவும் கதவெண்ணும், ஏனைய நிலங்களுக்குப் பரப்பும், அவை ஒட்டி நிற்கும் சாலைகளும் சொத்துக்களும் குறிப்பிடப்பட வேண்டும். இயன்றவரை அரசு அளவைப் படத்தையும் சுட்ட வேண்டும்.

சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை 1858இல் தொடங்கியபின், ஒவ்வொரு நிலத்துக்கும் புல எண்ணும் எல்லைக் கல்லும் வந்தன. 1923ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி, எல்லை மாற்றத்தால் பாதிக்கப்படக்கூடிய நிலத்தாருக்கு அறிவிப்புத் தந்து, தகராறு இருப்பின் விசாரித்து, அளவை முடிந்ததாக அறிவிக்கை வெளியிடப்படும். அதனால் பாதிக்கப்பட்டவர் மூன்றாண்டுகளுக்குள் உரிமையியல் வழக்குத் தொடுத்துத் திருத்தம் பெறலாம். அறிவிப்பு வரும் நாளில் அக்கறையின்றி இருந்துவிட்டு, பின்னர் கல் மாறி நட்டுவிட்டார்கள் என்று முறையிடுவதில் பயன் குறைவு.

பத்திரத்தில் எல்லையும் விஸ்தீரணமும் முரண்பட்டால் என் செய்வது? நான்கெல்லை தெளிவாகவும் நிலையாகவும் இருக்குமாயின் எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்களின் பொது விதி. 1948இல் இலண்டன் பிரிவி கவுன்சில், பாலஸ்தீன நில வழக்கு ஒன்றில் இதனை உறுதி செய்தது. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2006இல் ஸுபாகா எதிர் ஷோபா வழக்கில், எல்லைகளால் நிலம் அடையாளம் காணப்படுமாயின் எண்ணைவிட எல்லைக்கே மதிப்பு எனக் கூறியது. ஆனால் எல்லையே மங்கலாக இருந்தாலோ, இத்தனை சென்ட் என்று அளவைக் கொண்டே பேரம் பேசப்பட்டிருந்தாலோ இவ்விதி அப்படியே பொருந்தாது. ஆள் பெயரை மட்டும் எல்லையாக எழுதிய பத்திரங்கள், இரு தலைமுறை கடந்து அப்பெயருக்குரியவர் யார் என்று தெரியாத நிலை வரும்போது வலுவிழப்பது இதனால்தான்.

நமது வக்ஃப் நிலங்களின் நிலை

இத்தனை வரலாறும் நம் வாசலில் வந்து நிற்கிறது. 1995ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தில் 107ஆம் பிரிவு என்றொரு காப்பு இருந்தது. வக்ஃப் நிலத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்பதே அது. எத்தனை ஆண்டுகள் கழித்தும் வழக்குத் தொடுக்க இடமிருந்தது. 2025 ஏப்ரல் 8இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அக்காப்பை நீக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இடைக்கால உத்தரவு சில பிரிவுகளை நிறுத்தி வைத்தபோதிலும், இந்த நீக்கத்தை நிறுத்தவில்லை. தனியார் நிலத்தில் 12 ஆண்டுகள் எதிரனுபவம் செய்தவர் உரிமை கோரும் அபாயம் இருப்பது நாம் அறிந்ததே. அந்த அபாயம் இனி வக்ஃப் நிலத்துக்கும் உண்டு. மேலும் ஒவ்வொரு வக்ஃப் சொத்தின் அடையாளம், எல்லைகள், பயன்பாடு, அனுபவிப்பவர் ஆகிய விவரங்களை மைய இணையத் தளத்தில் பதிவு செய்யுமாறும் அச்சட்டம் கோருகிறது. எல்லை தெரியாத நிலத்தை எவ்வாறு பதிவு செய்வது?

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் உடனே செய்யத்தக்க பணிகள் சில. முதலாவதாக, பழைய வக்ஃப் பத்திரங்களில் உள்ள நான்கெல்லையை எடுத்து, இன்றைய புல எண், உட்பிரிவு எண், புலப்படம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுத வேண்டும். இன்னார் மனை என்று பெயர் மட்டும் உள்ள இடத்தில், அம்மனை இன்று எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, அண்டை நிலத்தாரின் பத்திரங்களில் பள்ளிவாசல் நிலம் எல்லையாகக் கூறப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவற்றின் நகல் பெறலாம். தம் சொந்தப் பத்திரத்திலேயே பள்ளிவாசல் நிலத்தைத் தம் எல்லையாக ஏற்றுக்கொண்டவரோ, அவர் வழிவந்தவரோ பின்னர் அதனை மறுப்பது எளிதன்று. தொடர்பில்லாத வேற்றார் பத்திரங்களுக்கு அந்த வலு இல்லை என்பதையும் நினைவில் கொள்க.

மூன்றாவதாக, எல்லைக் கற்கள் காணாமற்போன இடங்களில் அளவைக்கு மனுச் செய்து, அண்டை நிலத்தார் முன்னிலையில் கல் நடுவிக்க வேண்டும். அண்டையில் இருப்பவர் எச்சமயத்தவராயினும் அவரை அழைத்து, அவர் கண்முன்னே அளப்பதே நம் மார்க்கம் காட்டும் நேர்மை. நம்முடைய ஒரு சாணைக் காப்பது கடமை. அவருடைய ஒரு சாண் நம் வேலிக்குள் வந்திருந்தால் அதனைத் திருப்பித் தருவதும் கடமையே. பள்ளிவாசலுக்காக எடுத்தது என்பதால் பிறர் நிலம் ஹலாலாகிவிடாது. யத்தீம்களின் நிலத்துக்கு விலை கொடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

இறுதியாக, நம் சொந்த மனைகளைப் பற்றி ஒரு சொல். ஷுஃப்ஆ இன்று நம் மாநில நீதிமன்றத்தில் இல்லை. கூட்டாளிக்கு அறிவிக்காமல் பங்கை விற்பது தகாது என்ற நபிமொழியும், அபூராஃபிஉ (ரலி) அவர்களின் முன்மாதிரியும் எந்தத் தீர்ப்பாலும் நீங்கிவிடவில்லை. வீட்டையோ பங்கையோ விற்க எண்ணுபவர் தரகரிடம் செல்லும் முன்பாகப் பங்காளியிடமும் அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை. அவ்வாறு சொல்லி விற்ற மனையில் எல்லைத் தகராறு எழுவதும் அரிது.

நம் நிலங்களின் எல்லைகளைக் காக்கவும், பிறர் எல்லையை மதிக்கவும், அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணி நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.